பொம்பெயியும் அமால்ஃபி கடற்கரையும்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசா மையத்தின் கவுன்ட்டரில் என் விண்ணப்பக் கோப்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணம் இரண்டே நாள். எங்கள் விமானம் ரோமிலிருந்து புறப்படுவது 21-ஆம் தேதி. நான் எடுத்திருந்த பயணக் காப்பீடோ 19-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. அன்றைய அப்பாயின்ட்மென்ட் வீணாகி, அடுத்தது கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. ஏப்ரலில் போயிருக்க வேண்டிய நானும் அம்மாவும் 2025 ஜூன் வெயிலில்தான் பொம்பெயியின் கல் தெருக்களில் நடந்தோம். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இத்தாலியின் தெற்கே இருக்கும் கம்பானியா பகுதிக்கான வழிகாட்டி இது. எரிமலை வெடிப்பில் புதைந்துபோன பொம்பெயி, ஹெர்குலேனியம், கிரேக்கர் கட்டிய பேஸ்டம் ஆகிய பழைய நகரங்களும், சலெர்னோவிலிருந்து தொடங்கும் அமால்ஃபி கடற்கரை ஊர்களும் இதில் வரும். இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிகள் பெரும்பாலும் இவைதான். விண்ணப்பிக்கும் மையமும் துணை ஆவணங்களும் மாறும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள், டிக்கெட் எடுக்காதீர்கள்

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. என் கணக்கில் இவைதான் நல்ல நாட்கள். கடலோர ஊர்களுக்கு இடையே ஓடும் பயணிகள் படகு பொதுவாக ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசியோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் போனால் இடிபாடுகளை நிம்மதியாகப் பார்க்கலாம், ஆனால் கடற்கரை ஊர்களில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. இத்தாலியே கடற்கரைக்கு வந்துவிடும். ஏப்ரல் 25, மே 1 இரண்டும் விடுமுறை நாட்கள்தான்.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. அந்த 15 நாளை நம்பி யாரும் இறங்காதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் உண்டு, கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். மார்ச் முதல் மே வரை நம் ஊரில் கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. மே மாதம் போக வேண்டுமென்றால் ஜனவரியில் கோப்பு கையில் தயாராக இருக்கட்டும்.

2. பாஸ்போர்ட்டும் பெயரும்

ஐரோப்பாவிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது, முழுப் பெயரும் ஒரே வரியில். ஆனால் விமான டிக்கெட், ஓட்டல், பொம்பெயி நுழைவுச்சீட்டு எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது. நான் ஓரிடத்தில் அப்பா பெயரையும் இன்னோரிடத்தில் இனிஷியலையும் போட்டுவிட்டேன். விளைவு, விமான டிக்கெட்டைத் திருத்தத் தனியாகப் பணம் கட்ட நேர்ந்தது.

அதனால் முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள்: ஒற்றைப் பெயர் இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போட வேண்டும்? சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சிலவற்றுக்கு வேறு வழக்கம். விசா படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்க வேண்டாம். மற்ற இடங்களில் ஒரே முறையை முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பொம்பெயி சீட்டில் அம்மாவின் பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டேன். வாசலில் எந்தக் கேள்வியும் வரவில்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருந்தால், பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்ள அதுதான் சரியான சமயம்.

3. விசா கோப்பு

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டில் சம நாட்கள் என்றால் முதலில் இறங்கும் நாடு. பாரிஸில் இரண்டு நாள் தங்கி இத்தாலிக்கு ஏழு நாள் போகிறவர் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று மாற்றிப் போடாதீர்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம், 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெளிர் பின்னணியில் 6 மாதத்துக்குள் எடுத்த படம், பாஸ்போர்ட் நகல், பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், பயணத் திட்டத்தோடு ஒரு கவரிங் லெட்டர், விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்கும் இடம், காப்பீடு, வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். மையத்தின் இணையதளத்தில் அந்தந்த மாதத்துப் பட்டியல் இருக்கும். அதை அச்சடித்து, அந்த வரிசையிலேயே தாள்களை அடுக்குங்கள்.

இனி, இதில் எங்கே தடுக்கி விழுவோம் என்று சொல்கிறேன்.

தேதிகள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள்: சென்னையில் விமானம் ஏறும் நாள், இத்தாலியில் கால் வைக்கும் நாள், ஒவ்வொரு இரவும் எந்த ஊர், இத்தாலியை விட்டுக் கிளம்பும் நாள், வீடு வந்து சேரும் நாள். நள்ளிரவு விமானம் என்றால் ஏறும் நாளும் இறங்கும் நாளும் வேறாகிவிடும். நான் தவறியது அங்கேதான். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவம், காப்பீடு, ஓட்டல், விடுப்புக் கடிதம் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவும், அவசரமாகத் தாயகம் கொண்டுவரும் செலவும் அடங்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லும் என்று அதில் அச்சாகியிருக்க வேண்டும். முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் சேர்த்தே எடுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் வராது.

ஓட்டல். ரத்து செய்யக்கூடிய முன்பதிவு போதும். ஆனால் உறுதிச்சீட்டில் போகிற எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரை மட்டும் போட்டு "2 விருந்தினர்" என்று வந்தால் ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி மற்றவர் பெயரையும் சேர்த்து வாங்குங்கள். நடுவில் ஓர் இரவுகூட விடுபடக் கூடாது.

வங்கிக் கணக்கு. விண்ணப்பிக்கிறோமே என்று முந்தின வாரம் யாரிடமோ வாங்கி இரண்டு லட்சத்தைப் போட்டு வைப்பது பலர் செய்யும் தவறு. ஸ்டேட்மென்டைப் புரட்டினாலே அது தெரிந்துவிடும். சீட்டுப் பணமோ வைப்புத்தொகை முதிர்வோ உண்மையாகவே அந்தச் சமயத்தில் வந்திருந்தால், அதற்கான தாளையும் கூடவே வையுங்கள். எவ்வளவு இருப்பு வேண்டும் என்பதற்கு இத்தாலி ஒரு குறைந்தபட்ச அட்டவணை வைத்திருக்கிறது: தனியாகப் போகிறவர் 6 முதல் 10 நாள் தங்குவதாக இருந்தால் நாளுக்கு 44.93 யூரோ. அது அடிமட்டக் கணக்கு. டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்த்து உங்கள் பயணத்துக்கு ஆகும் செலவைப் போல ஒன்றரை மடங்காவது சில மாதமாகக் கணக்கில் கிடக்கட்டும்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு. அம்மா வேலைக்குப் போனவர் இல்லை, தனி வருமானம் கிடையாது. அதனால் செலவு முழுவதும் என்னுடையது என்று ஒரு கடிதம், என் வங்கித் தாள்கள் இன்னொரு நகல், உறவைக் காட்ட என் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் சேமிப்புக் கணக்குப் புத்தகம், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் வைத்தேன். பிறப்புச் சான்றிதழும் பத்திரமும் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து நோட்டரி கையொப்பம் வாங்க வேண்டும். இதற்கு மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள், முந்தின நாள் ஓடாதீர்கள்.

4. கவுன்ட்டருக்குப் போகும் நாள்

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூன் 11 முதல்). 6 முதல் 11 வயதுக் குழந்தைக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் எதுவும் திரும்ப வராது. எஸ்எம்எஸ் தகவல், தனி அறை, நகல் எடுத்துத் தருவது என்று கவுன்ட்டரில் கேட்பவை எல்லாம் உங்கள் விருப்பம்தான். பாஸ்போர்ட்டை வீட்டுக்கு அனுப்பும் கூரியர் மட்டும் வெளியூர்க்காரர்களுக்குப் பயன்படும். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

கைரேகை எடுப்பார்கள், அதனால் நேரில் போக வேண்டும். முன்பே கொடுத்திருந்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். அம்மாவின் விரல்கள் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகி, ரேகை மூன்று முறை பதியவில்லை. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வந்த பிறகுதான் பதிந்தது. வயதானவர்களை அழைத்துப் போனால் முந்தின இரவு கைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் கழுவிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் விசா ஸ்டிக்கரை அங்கேயே படியுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று ஒன்று இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்று இன்னொன்று இருக்கும். இரண்டும் வேறு. பத்து நாள் என்று போட்டிருந்தால் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தப் பத்தில் சேர்ந்துதான். ஸ்டிக்கரில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருக்கிறதே என்று தங்கிவிட்டால் அடுத்த விசாவுக்கு அதுவே முட்டுக்கட்டையாகும்.

விசா கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

5. பணம்

ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது சுலபம். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, பின் நம்பர் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். கடையிலும் ஏடிஎம்மிலும் "ரூபாயிலா யூரோவிலா" என்று திரை கேட்கும். எப்போதும் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததாகிவிடும், கை கடிக்கும்.

சில்லறையாக ஐம்பது நூறு யூரோ கையில் இருக்கட்டும். ஓட்டலில் தங்கும் விலைக்கு மேலே ஊராட்சி வரி என்று ஆளுக்கு, இரவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள். முன்பதிவின்போது கட்டிய தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. உணவகத்தில் பில்லில் "கோப்பெர்த்தோ" என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம். உட்கார்ந்ததற்கான கட்டணம் அது, எல்லோருக்கும் உண்டு. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

6. எங்கே தங்குவது: சலெர்னோ

எல்லோரும் பக்கத்துக் கடலோர ஊரான சொரெண்டோவில் தங்குகிறார்கள், இல்லையென்றால் அமால்ஃபியிலேயே தங்குகிறார்கள். நான் சலெர்னோ என்பேன். இது பெரிய ஊர், அறை வாடகை குறைவு. ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கும் தூரம். வடக்கே பொம்பெயிக்கும் தெற்கே பேஸ்டத்துக்கும் ரயில், மேற்கே அமால்ஃபிக்குப் படகு, ரோமிலிருந்து நேராக அதிவேக ரயில். பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டு எல்லா இடத்துக்கும் போய்வரலாம். கடற்கரை ஊர்கள் மலைச்சரிவில் தொங்குபவை. பொசிட்டானோவில் அறை எடுத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறு படி ஏற வேண்டிவரலாம்.

எட்டு இரவு இருந்தால் கம்பானியாவின் பெரிய நகரமான நேப்பிள்ஸில் மூன்று, சலெர்னோவில் ஐந்து என்று பிரியுங்கள். ஹெர்குலேனியத்தை நேப்பிள்ஸிலிருந்தும், மற்ற எல்லாவற்றையும் சலெர்னோவிலிருந்தும் பாருங்கள்.

7. ரயில், பஸ், படகு

ரோம் விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான தெர்மினிக்கு நேர் ரயில் 32 நிமிடம், 14 யூரோ. அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் போல. இந்த அதிவேக டிக்கெட்டுகளை முன்கூட்டி எடுத்தால் மிகவும் மலிவு. ஆனால் மலிவான சீட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான், விமானம் தாமதமானால் போயிற்று. இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

சாதாரண ரயில்களில் தாள் சீட்டு எடுத்தால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு சீட்டே இல்லை, அபராதம் போடுவார்கள். கைபேசியில் எடுத்த சீட்டுக்கும் ஏறும் முன் "செக்-இன்" என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பஸ்ஸில் ஏறிய பிறகு நடத்துநர் வந்து சீட்டுக் கொடுப்பார் என்று நினைக்காதீர்கள். வெளியே வெள்ளை நிற "டி" எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் முதலிலேயே வாங்கிவிட வேண்டும். போகும்போதே திரும்பும் சீட்டையும் சேர்த்து வாங்குங்கள், மாலையில் அந்தக் கடை பூட்டியிருக்கும்.

"ஷோப்பெரோ" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள், அடிக்கடி நடக்கும், முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச ரயில்கள் ஓடும் என்பது விதி.

சலெர்னோவிலிருந்து படகில் அமால்ஃபி 35 நிமிடம், பொசிட்டானோ ஒரு மணி பத்து நிமிடம். கடல் கொந்தளித்தால் படகு கிடையாது, அன்றைக்குப் பஸ்தான். அந்த மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் வளைவு வளைவாகப் போகும். தலைசுற்றல் உள்ளவர்கள் படகையே நம்புங்கள். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். நெரிசல் நாட்களில் வண்டி எண்ணின் ஒற்றை, இரட்டைக் கணக்குப்படிதான் அந்தச் சாலையில் விடுவார்கள். ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா படமெடுத்து, மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதம் வரும்.

8. பொம்பெயி

2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, சீட்டில் பெயரும் உண்டு. அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து போய் வாங்குங்கள். தேடும்போது முதலில் வரும் இணையதளங்கள் பல மறுவிற்பனையாளர்கள், இரட்டிப்பு விலை. நாங்கள் போனபோது நகரம் மட்டும் பார்க்க 18 யூரோ, மதிலுக்கு வெளியே உள்ள மர்மங்களின் மாளிகையும் சேர்த்து 22 யூரோ. இரண்டாவதை எடுங்கள், அந்தச் சிவப்புச் சுவர் ஓவியங்களைப் பார்க்காமல் வரக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டுக்காரரானாலும் இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், அதனாலேயே அன்றைக்குப் போகாதீர்கள்.

இரண்டு நிலையங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் லோக்கல் ரயிலில் வந்தால் "பொம்பெய் ஸ்காவி" நிலையம், எதிரே போர்த்தா மரீனா வாசல். சலெர்னோவிலிருந்து அரசு ரயிலில் வந்தால் வெறும் "பொம்பெய்" நிலையம், அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஆம்ஃபிதியேட்டர் பக்கத்து வாசல். முட்டிவலி உள்ளவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. சக்கர நாற்காலியும் போகும்படி சமதளமாகச் செய்த நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. போர்த்தா மரீனாவில் எடுத்த எடுப்பிலேயே வழுக்குக் கல் ஏற்றம்.

பை 30-க்கு 30-க்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெரியதை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கடைசி நுழைவு 5.30. குளிர்காலத்தில் 5 மணிக்கே முடிந்துவிடும். வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். அதனால் சாப்பாட்டைப் பற்றி யோசித்துவிட்டுப் போங்கள். காலை 9 மணிக்கு வாசலில் நின்றுவிடுங்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு. தொப்பி, தடித்த அடியுள்ள காலணி, காலி பாட்டில் போதும். தெருமுனைகளில் குடிநீர்க் குழாய் இருக்கிறது.

தெருக்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முரட்டுக் கருங்கல் பாளங்கள், ஒவ்வொன்றும் அம்மிக்கல்லைவிடப் பெரியது. வண்டிச் சக்கரம் ஓடி ஓடி இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். குறுக்கே மூன்று நான்கு உயரமான கற்கள், மழைத் தண்ணீரில் கால் நனையாமல் தெருவைத் தாண்டுவதற்கு. அம்மா அந்தக் கற்களின் மேல் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார். பெரிய மாளிகைகளைவிட அவருக்குப் பிடித்தது தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள்தான்: பளிங்குத் துண்டு பதித்த மேடை, அதில் குழியாகப் புதைத்த மண் ஜாடிகள்.

நான்கு மணி நேரம் குறைந்தபட்சம். எல்லா வீடுகளும் எல்லா நாளும் திறந்திருக்காது, சுழற்சி முறையில் திறப்பார்கள். வரைபடத்தை வாசலில் வாங்கி, அன்றைக்கு எவை திறப்பு என்று கேட்டுவிட்டு நடங்கள். 2023-இல் மறுபடி திறந்த வெட்டீ (Vettii) என்ற பெயருள்ள சகோதரர்களின் வீட்டை முதலில் முடித்துவிடுங்கள், பத்தரை மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும்.

பொம்பெயியில் எடுத்த ஓவியங்களும் மொசைக்குகளும் பெரும்பாலும் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொம்பெயிக்கு முந்தின நாளே இதைப் பார்த்துவிடுங்கள், வெறும் சுவர்களைப் பார்க்கும்போது அங்கே என்ன இருந்தது என்று மனதில் வரும். 1938-இல் பொம்பெயி வீடு ஒன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றும் இங்கே உண்டு. ஒரு சாணுக்குச் சற்று மேலே உயரம், கை நிறைய வளையல், கால் நிறையத் தண்டை. லட்சுமி என்கிறார்கள், யட்சி என்கிறவர்களும் உண்டு. "இரகசிய அறை" என்ற தனிப்பகுதியில் இருப்பதால் பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள், காவலரிடம் கேளுங்கள்.

9. ஹெர்குலேனியமும் பேஸ்டமும்

நேரம் குறைவு, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஹெர்குலேனியத்தைச் சொல்வேன். சிறியது, இரண்டரை மணி நேரத்தில் முடியும். அதே லோக்கல் ரயிலில் "எர்கொலானோ ஸ்காவி" நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கி நேராகப் பத்து நிமிடம் இறக்கத்தில் நடந்தால் வாசல். இன்றைய ஊர் மேலே, பழைய ஊர் சுமார் 20 மீட்டர் கீழே. இங்கே மரம்கூடக் கரியாகி நிற்கிறது: கதவு, கட்டில், மாடி உத்திரம். கடலோரப் படகு அறைகளில் அடைக்கலம் தேடிய முந்நூறு பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன; இன்று அங்கே கிடந்தபடியே வைத்திருப்பவை அவற்றின் நகல்கள். அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நுழைவு 16 யூரோ கொடுத்தோம்.

அந்த லோக்கல் ரயில் கூட்டமாக இருக்கும், ஜேப்படி பயமும் உண்டு. பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டும் பையில் வையுங்கள், பின்பாக்கெட்டில் எதையும் வைக்காதீர்கள்.

பேஸ்டம் தெற்கே. சலெர்னோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நிலையத்தை விட்டு வெளியே வந்து பழைய மதில் வாசல் வழியாக நேராகக் கால் மணி நேரம் நடந்தால் மூன்று கிரேக்கக் கோயில்கள் புல்வெளியில் நிற்கும். மூத்தது கிமு 550 வாக்கில் கட்டியது. பொம்பெயியின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாங்கள் போன அன்று இல்லை. இறங்கியவுடன் திரும்பும் ரயில் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார வேண்டும். கோயில்களுக்கான நுழைவுச்சீட்டிலேயே அருங்காட்சியகமும் அடக்கம். கடலில் தலைகீழாகப் பாயும் ஒருவனை வரைந்த கல்லறைப் பலகை அங்கே இருக்கிறது, அதற்காகவே போகலாம். சுற்றிலும் எருமைப் பண்ணைகள், அன்றன்று செய்த மொசரெல்லா பாலாடைக்கட்டி கிடைக்கும்.

10. கடற்கரை ஊர்களில் ஒரு நாள்

காலை முதல் படகில் அமால்ஃபி போங்கள். பத்து மணிக்குள் ஊரைச் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் நடந்து அட்ரானிக்குப் போய்விடுங்கள். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி அதுதான். ஒரு சதுக்கம், ஒரு கடற்கரை, அவ்வளவே. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதுதான் எங்களுக்கு அந்தப் பயணத்தின் நல்ல மதியம். பொசிட்டானோ படகிலிருந்து பார்க்க அழகு, இறங்கினால் படியும் விலையும் அதிகம். குளிக்க வேண்டுமென்றால் மயோரியின் நீண்ட கரை நல்லது. நாற்காலி, குடை போட்ட பகுதிக்குக் கட்டணம் உண்டு. "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்று பலகை இருந்தால் இலவசக் கரை. பல ஊர்களில் மணலே இல்லை, கூழாங்கல்தான், ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நெத்திலியைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். "அச்சூகே" என்று எழுதியிருந்தால் நெத்திலி. "நாப்போலி" என்ற பெயருள்ள பீட்சாவிலும் அது இருக்கும். செத்தாரா என்ற ஊரின் பெருமையே நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாறுதான். அதை ஊற்றிய நூடுல்ஸ் பார்ப்பதற்கு வெறும் பூண்டும் எண்ணெயும் போலவே இருக்கும். "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே" என்று சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ இலை, எண்ணெய் மட்டும்தான், பாலாடைக்கட்டிகூட இல்லை. அங்கே நம் சாத்துக்குடி அளவு எலுமிச்சை விற்கும். தோலுக்கடியில் வெள்ளைச் சதை தடிமனாக, கசப்பே இல்லாமல் இருக்கும். மெல்லிய வட்டமாக வெட்டி உப்புத் தூவித் தின்கிறார்கள். அம்மா மூன்று பழம் வாங்கி அறையில் வைத்துக்கொண்டார்.

11. திரும்பிய பிறகு

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்கு அது மாற்று. முதல்முறை பதிய நேரம் பிடிக்கும், அதனால் ரோமில் இறங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாததால் போர்டிங் பாஸ், ஓட்டல் பில், ரயில் சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்கள் மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க 2024 ஏப்ரலிலிருந்து வழி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது பழைய விசாக்களின் நகலோடு அந்த உறையையும் எடுத்துப் போங்கள்.